மேலத்தெருக் குழாயடி

ஒன்பதாவது வார்டின் ஓட்டுக் கதை ஊருக்கே மனப்பாடம். கவுன்சிலர் அருணகிரிக்கு மேலத்தெரு ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. கீழத்தெரு ஒருமுறைகூடத் தவறியதில்லை.

தேர்தல் நெருங்கவும் மேலத்தெருக் குழாயடிக்கு வந்து அதட்டினார்: "உங்க ஓட்டுக்காக ரோடு, லைட்டு, குழாய்னு எவ்வளவு செஞ்சேன்! இந்தத் தடவையும் ஏமாத்தினா தண்ணியை நிறுத்திருவேன். கீழத்தெருவைப் பார்த்துக் கத்துக்கிடுங்க!"

இட்லிக்கடை மாரிக்கனி குடத்தை இறக்கி வைத்தாள்.

"கத்துக்கிடுதோம் அண்ணாச்சி. அவுக தெருக் குழாய் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

அருணகிரி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். குடத்தோடு வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் கீழத்தெருக்காரர்கள்.

மறுநாள் ஓட்டுக் கேட்டுப் போனவரிடம் கீழத்தெரு முதல்முறையாகச் சொன்னது: "யோசிச்சுச் சொல்லுதோம் அண்ணாச்சி."

அந்த வாரமே அங்கே குழாய் பதிக்க ஆள் வந்தது.