கழுத்துக் கட்டிக்கு ஓர் எண்

ஆசிரியைக்கு முப்பத்தோரு வயது. மாணவிக்கு ஐம்பத்து நான்கு.

மாணவி தங்கபுஷ்பம் தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையின் வார்டுகளில் இருபத்தாறு வருடம் நர்ஸாக நடந்தவள். முழங்கால் ஓய்ந்த பிறகு கோடிங் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். அங்கே ஷமீமாதான் தலைவி; அவளுக்கு வேலை கற்றுத்தருகிறவளும் அவளே. டாக்டர் எழுதும் நோய்க்கு உரிய எண்ணைக் கோப்பில் போடுவது அவர்கள் வேலை. அந்த எண்ணைப் பார்த்துத்தான் காப்பீட்டுக்காரர்கள் அறுவைக்கு அனுமதி தருவார்கள்.

அன்று சலேத்தம்மாளின் கோப்பு வந்தது. மீன் ஏலக்கூடத்தில் ஏலம் கூவுகிறவள். மீன்பிடித் தடைக்காலம் முடிய மூன்று வாரம் இருந்தது. அதற்குள் கழுத்துக் கட்டியை எடுத்துத் தையல் ஆறினால்தான், படகுகள் திரும்பும் முதல் நாளில் அவள் குரல் கரையில் இருக்கும். மறுநாள் காலை அறுவை. அன்று மாலை நான்கு மணிக்குள் அனுமதி கேட்டாக வேண்டும்.

டாக்டர் கோமதிநாயகம் எழுதியிருந்தது ஒரே வரி: கழுத்தில் கட்டி.

"இதை மட்டும் வச்சு அனுமதி தர மாட்டாங்க மேடம்," என்றாள் தங்கபுஷ்பம். "காலையில அந்த வார்டு வழியாத்தான் வந்தேன். நடுக்கழுத்து. எச்சில் முழுங்கினா மேலே ஏறுது. தைரோகுளோசல் நீர்க்கட்டி. பிறவியிலேயே வர்றது. அந்த எண்ணைப் போட்டுரட்டுமா?"

"டாக்டர் எழுதலையே அக்கா."

"நீங்க பள்ளிக்கூடம் போகும்போதே நான் இதைப் பார்த்திருக்கேன்."

"பார்த்திருப்பீங்க. அவர்கிட்ட எழுதிக் கேளுங்க."

தங்கபுஷ்பம் ஒரு தாளில் எழுதினாள்: 'இது தைரோகுளோசல் நீர்க்கட்டிதானே, டாக்டர்?'

ஷமீமா படித்தாள். இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

"ஏன் மேடம்? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்வார். வேலை முடிஞ்சிரும்."

"அதான் பயமா இருக்கு."

ஷமீமா வேறொரு தாளில் எழுதினாள்: 'கழுத்தில் கட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். பரிசோதனையில் என்னவெல்லாம் கண்டீர்கள்? நோயின் பெயர் என்ன?'

தங்கபுஷ்பம் அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். முழங்கால் ஒவ்வொரு படியிலும் முறையிட்டது.

டாக்டர் படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"என்னவெல்லாம்னு கேட்டா என்னத்தச் சொல்றது? வாங்க சிஸ்டர், இன்னொரு தடவை பார்த்துருவோம்," என்று எழுந்தார்.

வார்டில் சலேத்தம்மாள், அவளிடம் ஏலத்தில் மீன் எடுக்கும் பக்கத்துக் கட்டில்காரியோடு வழக்கடித்துக்கொண்டிருந்தாள்.

"நாக்கை நீட்டுங்கம்மா," என்றார் டாக்டர்.

நீட்டினாள். கட்டி மெல்ல மேலே ஏறியது.

"ஏலத்துல எங்களைப் பார்த்து நீட்டுற அதே நாக்குதான் டாக்டர். நல்லாப் பாத்துக்கிடுங்க," என்றாள் பக்கத்துக் கட்டில்காரி. வார்டு முழுக்கச் சிரித்தது. நாக்கு உள்ளே போகவில்லை. இன்னும் கொஞ்சம் நீண்டது.

டாக்டர் அவள் மோவாயைத் தூக்கினார். ஜெபமாலையை ஒதுக்கிக் கழுத்து மடிப்பை விரலால் விரித்தார். உள்ளே மெல்லிய வெள்ளைக் கோடு.

"இது என்ன?"

"பதினாலு வயசுல ஒருக்கா அறுத்து எடுத்தாங்க. திரும்ப வந்துட்டு."

"சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே. ஆஸ்பத்திரியில வாயத் திறக்காதம்மான்னு மகன் சத்தியம் வாங்கில்லா கூட்டிட்டு வந்தான்."

டாக்டர் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து எழுதினார். தைரோகுளோசல் நீர்க்கட்டி. முன்பே எடுத்து, வேர் தங்கி, மீண்டும் வளர்ந்தது. இம்முறை நாக்கின் அடியிலுள்ள நாவெலும்பின் நடுத்துண்டையும் சுற்றியுள்ள தசையையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

"தெரியாமக் கத்தி வச்சிருந்தா நாளைக்குத் திண்டாடியிருப்பேன்," என்று கோப்பைக் கொடுத்தார்.

மூன்றே முக்காலுக்கு எண் ஏறியது. ஐந்து மணிக்கு அனுமதி வந்தது. செய்தி வார்டுக்குப் போன மறுநிமிடம், மாடியிலிருந்து ஒரு குரல் கீழ்த்தளம் வரை இறங்கியது: "கழுத்துக் கட்டி ஒண்ணு, ரெண்டு தரம் வெளஞ்சது, யாருக்கு வேணும், யாருக்கு வேணும்!"

கோடிங் பிரிவில் எல்லோரும் சிரித்தார்கள். தங்கபுஷ்பமும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கோப்பை மூடிவிட்டுச் சொன்னாள்.

"பேர் நான் சொன்னதுதான் மேடம்."

"நீங்க சொன்னதேதான் அக்கா."

"அப்போ என் கேள்வியில என்ன குறை?"

"குறையே இல்லை," என்றாள் ஷமீமா. "உங்க கேள்விக்கு அவர் நாற்காலியில இருந்தே பதில் சொல்லியிருப்பார்."