இடப்பக்க விளக்கை அணைத்த அம்மையார்

தென்பாண்டிச் சீமையில் செம்புலிக்குறிச்சி என்னும் ஊரில், ஒளிவளர்நாயகி அம்மன் திருக்கோயிலில் விளக்குத் துலக்கும் பணி செய்து வந்தவர் செண்பகவடிவு அம்மையார். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவருடைய விரல் ரேகைகளே அழிந்துபோயிருந்தன. கருவறைக்கு முன்னால் மார்பளவு உயரத்தில் இரண்டு குத்துவிளக்குகள் நிற்கும். வலப்பக்கத்தது ஐயன் விளக்கு, இடப்பக்கத்தது அம்மை விளக்கு. இரண்டிலும் சுடர் மங்கக் கூடாது. துலக்கும் நேரத்தில்கூடச் சுடரை ஓர் அகலுக்கு மாற்றி வைத்து, “கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி” என்று சொல்லிவிட்டுத்தான் அம்மையார் கை வைப்பார்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அம்மையார் பயந்த சுபாவம். பல்லி கத்தினாலும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அடியார் என்றால் அஞ்சாத சிங்கம் என்று எண்ணுகிறவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போகலாம். அவருக்கு இருந்தது ஒரே மகள். அவளையும் காய்ச்சல் கொண்டுபோயிற்று. துக்கம் கேட்க வந்தவர்களே, “பொட்டப்புள்ளதான போச்சு” என்று பேசினார்கள். அவர் அம்மை விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் வேளையாயிற்று என்று எழுந்து போனார்.

அந்தப் பாளையத்தை ஆண்ட தென்னவராயருக்குப் பிறந்ததெல்லாம் பெண்மக்கள். அடுத்த கரு தரிக்கும் முன்பே அதை ஆணாக்கித் தருகிறேன் என்று ஒரு சோதிடர் வந்து சேர்ந்தார். வலம் ஆண், இடம் பெண். ஆகவே இடப்பக்கத்தை அடக்கி வைத்தால் போதும் என்பது அவருடைய கணக்கு. அரசி வலப்பக்கமே ஒருக்களித்துப் படுத்தார். அவருடைய இடக்கை வளையல்களைக் கழற்றினார்கள். கிடாரிக்கன்று ஈன்ற பசுக்களைத் தொழுவத்தை விட்டு விரட்டினார்கள். அந்தப் பசுக்கள் என்ன பாவம் செய்தனவோ! கடைசியில் சோதிடரின் கண் கோயில் மேல் விழுந்தது. அரசி அம்மனை வணங்கும்போது வல விளக்கு மட்டுமே எரிய வேண்டும், அந்த ஒளியோடு அரண்மனைக்குத் திரும்பினால் மகன்தான் என்றார்.

கோயில் மணியக்காரர் அம்மையாரைக் கூப்பிட்டுச் சொன்னார்: “வடிவு, நாளைக்கு மகாராணி வாராக. எடப்பக்க விளக்குக்கு எண்ண ஊத்திராத. அது எரிஞ்சிச்சுன்னா ஒந்தலை தங்காது, பாத்துக்க.”

“சரிய்யா” என்று அம்மையார் சொன்னது அவருக்கே கேட்கவில்லை.

மறுநாள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கினார், கீழே வைத்தார், மறுபடியும் தூக்கினார். தலை போய்விடுமே என்று பயம். அம்மையின் பக்கத்தை இருட்டாக்குவதா என்று அதைவிடப் பெரிய பயம். பெரிய பயமே வென்றது, ஊற்றிவிட்டார். தூணைப் பிடித்துக்கொண்டு, “தாயே, தாயே” என்று முனகியபடி நின்றார்.

அரசர் வந்தார். பின்னால் வந்த அரசியின் முகத்திலும் ரத்தமில்லை. இந்த முறையும் பெண்ணென்றால் அவரைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக அரண்மனையில் பேச்சு. இரண்டு சுடர்களும் எரிவதைக் கண்ட சோதிடர் கையை உதறினார். மணியக்காரர் அம்மையாரைத் தூண் மறைவிலிருந்து இழுத்து வந்து தள்ளினார். அரசர் வாளின் பிடியில் கை வைத்தபடி இட விளக்கைக் காட்டி, “அணை அதை” என்றார்.

அந்த ஊரில் விளக்கை அணை என்று எவரும் வாயால் சொல்வதில்லை. குளிர வை என்பார்கள், மலையேற்று என்பார்கள். கோபத்தில் அரசருக்கு நாக்குப் பிசகிவிட்டது. அம்மையாருக்கோ அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான் தெரியும். காய்ச்சலில் கிடந்த மகளுக்கு அவர் செய்தது அதைத்தான்.

“அணைக்கேன் சாமி” என்றார். நடுங்கிக்கொண்டே போய், இரு கைகளாலும் விளக்கைச் சுற்றிச் சுடரோடு மார்பில் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

கூட்டம் அலறியது. “ஏட்டி, விடுட்டி” என்று மணியக்காரர் கத்தினார். அம்மையார் கண்களை இறுக மூடியிருந்தார். அவர் உடம்பு உதறிய உதறலில் விளக்கே ஆடியது. துணி கருகும் வாடை எழுந்தது. ஆனால் அம்மையாரின் நூல்சேலையில் ஒரு பொட்டுக் கரி இல்லை. கருவறையில் அம்மன் உடுத்திருந்த பட்டு, மார்புப் பக்கம் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது:

“என்னை அணைத்தவளை யாரடா அணைப்பது?”

அரசர் தலைப்பாகை உருள நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். சோதிடர் எந்தப் பக்கமாக வெளியேறினார் என்று பார்த்தவர் இல்லை. அரசி மட்டும் நிமிர்ந்து நின்று கணவரிடம், “எந்தப் புள்ளன்னாலும் எனக்குப் புள்ளதான். அனுப்புறதுன்னா இப்பமே அனுப்பிருங்க” என்றார். அரசர் தரையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அரசிக்குப் பெண்ணே பிறந்தது. அந்தக் குழந்தையை முதன்முதலாகக் கோயிலுக்கு எடுத்துவந்த அன்று, அம்மையாரின் கைகளில் கொடுக்கப் போனார். அம்மையார் பின்வாங்கினார்.

“கீழ போட்டுருவனோன்னு பயமா இருக்கு தாயி.”

“எனக்குந்தான் பயமா இருந்துச்சு. பிடிங்கம்மா” என்றார் அரசி.

கடைசி மூச்சுவரை பயம் நீங்காமலே, சுடரையும் நீங்காமல் காத்த செண்பகவடிவு அம்மையாரின் நடுங்கும் கைகளை நாம் வணங்குவோம்.