பத்து ஊர்ப் பெயர்

“அக்கா, எல்லா வீட்டிலயும் ஒரே கேள்வி. ‘தம்பி, ஊரில எவடம், எந்தப் பக்கம்?’”

மயூரதன் சப்பாத்தைக் கழற்றி எறியாத குறை.

புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஆட்கள் நிறைந்த ஸ்காபுரோவில் பிறந்து வளர்ந்தவன். வயது இருபத்தெட்டு. நகரசபைக்கு நிற்கிறான். போன முறை நூற்றுப் பதினான்கு வாக்கில் தோற்றான். இந்த முறையும் தோற்றால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், அது அவனுக்கே தெரியும். இன்னும் ஆறு நாள்.

பவளராணி அக்காதான் அவனுக்குத் தேர்தல் வேலை சொல்லிக்கொடுக்கிறவள். ஒன்பது தேர்தல் கண்டவள். கதவு தட்டுகிறதில் அவளை வெல்ல ஆளில்லை. பேச்சு மட்டும் சிக்கனம்.

“கேட்டால் நீ என்ன சொல்லுவாய்?”

“அப்பா அகதியா வந்தது, கடையில கோப்பை கழுவினது, ரெண்டு வேலை செய்து எங்களைப் படிப்பிச்சது, எல்லாம் சொல்லுவன். ரெண்டு நிமிசம். ஒரு சொல்லும் பொய்யில்லை.”

“பிறகு?”

“‘சந்தோசம் தம்பி, பாப்பம்’ எண்டு கதவைச் சாத்துவினம்.”

எங்கள் ஆட்கள் ‘பாப்பம்’ என்றால் அது எங்கே போய் முடியும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

“வெள்ளைக்காரர் வீட்டிலயும் இதே கதைதான். ‘நீ உண்மையில எந்த நாடு?’ நான் வாக்குக் கேட்கப் போறனோ, விசாவுக்குப் போறனோ?”

அக்கா சிரிக்கவில்லை. அவன் கையிலிருந்த துண்டுப்பிரசுரக் கட்டை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு வாக்குக் கேளாதை. பத்து வீட்டில அவையின்ர ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொண்டு வா.”

“அக்கா, ஆறு நாள்தான் கிடக்கு. ஒரு நாளை விட்டால் நான் துலைஞ்சன்.”

“பத்து வீடு.”

அடுத்த நாள் மத்தியானம் அவளை வாய்க்குள் திட்டிக்கொண்டுதான் போனான். பொழுதுபட முன்னம் திரும்பி வந்தான்.

“எத்தனை?”

“மூண்டு.”

“மூண்டுதானோ?”

“விட்டால்தானே அக்கா. முதல் வீட்டு அன்ரிக்கு ஊர் வேலணை. கிணத்தடி, பள்ளிக்கூடம், ஊரை விட்டு வெளிக்கிட்ட நாள், ஒண்டும் மிச்சம் வைக்கேல்லை. ரொட்டியும் சம்பலும் தந்தவ. ரெண்டாவது கயானாக்காரர். அவரின்ர ஊரிலயும் ஆத்தங்கரையில நெல்லுத்தானாம். மூண்டாவது ஒரு வெள்ளைக்காரக் கிழவன். இந்த நாட்டின்ர கிழக்குக் கரையில மீன்பிடிக் கிராமம். மீன் அத்துப்போக ஊரே வெளிக்கிட்டுதாம். சொல்லேக்க அழுதிட்டார்.”

“உன்னை எவடம் எண்டு கேட்டவையோ?”

மயூரதன் யோசித்தான்.

“ஒருத்தரும் கேட்கேல்லை.”

“வாக்கு?”

“நீங்கள்தானே கேட்கவேண்டாம் எண்டீங்கள். கிழவன்தான், ‘உன்ர தேர்தல் பெயர்ப்பலகை ஒண்டைக் கொண்டுவந்து என்ர முற்றத்தில நடு’ எண்டார்.”

“சரி. நாளைக்கு மிச்சம் ஏழு.”

அக்கா எழும்பிக் குளிர் ஜாக்கெட்டைப் போட்டாள்.

மயூரதன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று வருஷமாக அவளுடைய காரில் ஏறி, அவள் கட்டிக்கொண்டு வந்த சோற்றைத் தின்று, அவளுக்குப் பின்னால் திரிகிறான். அவனுக்குச் சரியான வெட்கமாக இருந்தது.

“அக்கா, நீங்கள் ஊரில எவடம்?”

ஜாக்கெட் சிப்பை இழுத்த கை பாதியில் நின்றது.

அவள் ஜாக்கெட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள்.

“தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போடு தம்பி. இது கெதியில முடியிற கதையில்லை.”