மகாராஜாவுக்கு இரண்டு குடம் விளக்கெண்ணெய்

முன்னொரு காலத்திலே, கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்து "என்ன வேணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்திலே, ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், எனக்கே மறந்துபோயிற்று. ராஜா நல்லவர்தான். ஆனால் புதிதாக எதைக் கேள்விப்பட்டாலும் அன்றைக்கே அது நாடு முழுக்க வந்தாக வேண்டும் என்று துடிப்பார். நேற்றுவரை இருந்தது என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டார்.

அவர் சபையில் விகடம் பேசுகிறவர் விருத்தகிரி. ஐம்பதைத் தாண்டிய வயது, முன்னால் தொப்பை, பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குடுமி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் அவரை அரண்மனையில் பிடித்து வைக்க யாராலும் முடியாது. மனைவி அமிர்தத்தோடு சந்தைக்குக் கிளம்பிவிடுவார்.

அந்தச் சந்தையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கத்தரிக்காயை அமுக்கிப் பார்க்கலாம், வெல்லத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்க்கலாம். பிடிக்கவில்லையா, உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். அமிர்தம் கீரைக்காரியோடு கால் நாழிகை மல்லுக்கட்டி, கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலை வாங்கிவிட்டு, கோட்டையைப் பிடித்தவள் மாதிரி நடந்து வருவாள். கடைசியில் பூக்காரி சொர்ணத்தின் கடை.

"என்ன வேணும் சாமி?" என்று சொர்ணம் கேட்பாள்.

"வாராவாரம் இதையே கேக்குறியே, ரெண்டு முழம் மல்லிகைதான்" என்பார் விருத்தகிரி.

"கேட்டாத்தானே சாமி வியாபாரம்" என்று சிரித்துக்கொண்டே தாராளமாக முழம் போடுவாள். அமிர்தத்துக்கு மரிக்கொழுந்து என்றால் உயிர். அதில் ஒரு கிள்ளு எப்போதும் கொசுறாக வரும். இருபது வருஷம் இப்படியே போயிற்று. இப்போது நினைத்தாலும் அந்த வாசனை எங்கிருந்தோ வருகிற மாதிரி இருக்கிறது, போங்கள்.

ஒருநாள் ரத்னாகரன் என்ற பெருவணிகன் சபைக்கு வந்தான். அவனுடைய வணிகக் கூட்டத்துக்கு 'மனமறிந்தார்' என்று பெயர்.

"மகாராஜா! எதை வாங்குவது, எங்கே வாங்குவது என்று தங்கள் குடிகள் சந்தையில் எத்தனை பாடுபடுகிறார்கள்! எங்கள் ஆட்கள் ஒரு மாதம் அங்கே அமர்ந்து, எந்த வீட்டார் எதை வாங்குகிறார்கள் என்று வீட்டுக்கு ஓர் ஓலையில் குறித்துக்கொள்வார்கள். அதன்பின் அவரவர்க்குப் பிடித்தது அவரவர் வாசலுக்கு வந்து சேரும். யாரும் வாயைத் திறந்து கேட்கவே வேண்டியதில்லை."

"கேட்காமலேயா!" என்று ராஜா சிம்மாசனத்தின் நுனிக்கு வந்துவிட்டார்.

"நம் நாட்டுக்கே பெருமை, மகாராஜா" என்றார் மந்திரி வீரகேசவர். முந்தின நாள்தான் அவர் வாசலில் ஒரு புதுப் பல்லக்கு வந்து இறங்கியதை ஊரே வேடிக்கை பார்த்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

ஒரு மாதம் குறித்தார்கள். பத்து நாள் கழித்து ஆணை வந்தது. சந்தைக்குப் பூட்டு. ஓலைப்படி வாசலுக்கு வருவதைத் திருப்பக் கூடாது, வீணாக்கவும் கூடாது. ஓலையில் இல்லாத எதுவும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. மீறினால் பன்னிரண்டு கசையடி. அரண்மனைக்கும் மந்திரி மாளிகைக்கும் மட்டும் விலக்கு.

அந்தப் பத்து நாளுக்கு நடுவேதான் விருத்தகிரியின் தலையில் இடி விழுந்தது. மூன்றே நாள் காய்ச்சலில் அமிர்தம் போய்விட்டாள். அரண்மனையில் யாருக்கும் அவர் அதைச் சொல்லவில்லை. சந்தையின் கடைசி வெள்ளிக்கிழமை, கால் பழகிய பழக்கத்தில், அவர் தனியாகப் பூக்கடை முன்னால் போய் நின்றார். சொர்ணம் நிமிர்ந்து பார்த்தாள். என்ன வேணும் என்று கேட்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கூடையைக் குனிந்து பார்த்தாள். அவள் கேட்காமல் விட்டதற்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல் இருந்தது அவருக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை. ரத்னாகரனின் ஆள் வாசலில் ஒரு வாழையிலைப் பொட்டலத்தை வைத்தான். பிரித்துப் பார்த்தால் இரண்டு முழம் மல்லிகை.

"ஐயா, இது வேணாம்பா. இதை வச்சுக்க இந்த வீட்டுல ஆள் இல்ல."

"உங்க ஓலையில இருக்கே சாமி. வெள்ளிக்கு வெள்ளி ரெண்டு முழம். திருப்பிக் கொண்டுபோனா என் முதுகு பிஞ்சிரும்" என்றவன் நாலு எட்டு நடந்து திரும்பிப் பார்த்தான். "வீணாக்கிடாதீங்க சாமி. அதுக்கும் கசையடிதான்."

பூவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனுஷர் நிலைப்படியில் உட்கார்ந்து அழுதார். ஊரைச் சிரிக்க வைக்கிறவர், கேட்பாரில்லாமல் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த மல்லிகையைத் தன் குடுமியிலேயே சுற்றிக்கொண்டு சபைக்குப் போனார்.

சபையே குலுங்கிச் சிரித்தது.

"விருத்தகிரி! இதென்ன புதுக் கோலம்?" என்றார் ராஜா, கண்ணில் நீர் வரச் சிரித்தபடி.

"எல்லாம் தங்கள் ஆணையின் மணம், மகாராஜா" என்றார் விருத்தகிரி. அதற்கும் சிரித்தார்கள்.

ஊருக்குள் ஆளுக்கொரு பேச்சு. கால் முடங்கிய நெசவாளி காளத்தி, "எனக்கு வீட்டுக்கே வருதே, மவராசன் நல்லாருக்கணும்" என்றார். குயவர் பூவாண்டியோ தலையில் அடித்துக்கொண்டார். குறித்த மாதத்தில் அவருடைய அண்ணன் செத்துப்போனதால், செவ்வாய்க்குச் செவ்வாய் அவர் வாசலில் பாடை கட்ட மூங்கிலும், கோடித் துணியும் வந்து இறங்கின. "இந்த வாரம் யாரைப் போகச் சொல்றாரு உங்க ராசா?" என்று விருத்தகிரியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

நாலாவது வெள்ளிக்கிழமை ராஜா சபையில் கேட்டார், "நமது திட்டத்தைப் பற்றிக் குடிகள் என்ன சொல்கிறார்கள்?"

"போற்றுகிறார்கள், மகாராஜா!" என்றது சபை ஒரே குரலில்.

விருத்தகிரி ஒரு பெருமூச்சு விட்டார். மந்திரி வீரகேசவர் எத்தனை நாளாக இதற்குக் காத்திருந்தாரோ! "மகாராஜா, தங்கள் திட்டத்தைக் கேட்டு விகடகவி பெருமூச்சு விடுகிறார். குறை இருந்தால் எட்டு நாளுக்குள் காட்டட்டும். ஆனால் திட்டத்துக்கு எதிராக ஒரு சொல்கூடச் சொல்லக் கூடாது. சொல்லாமலே காட்ட வேண்டும். காட்டிவிட்டால் கேட்டது கிடைக்கட்டும். இல்லையேல் வீட்டை விட்டு, நாட்டை விட்டு வெளியேறட்டும்."

அமிர்தம் இழுத்த கோலத்தின் காவி இன்னும் அழியாத வீடு. அதை விட்டு எங்கே போவார்? விருத்தகிரி குடுமிப் பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சம்மதம், மகாராஜா. இவ்வளவு உயர்ந்த திட்டத்தை நான் ஏன் குறை சொல்லப்போகிறேன்? என் மனக்குறை ஒன்றுதான். கடைக்கோடிக் குடிசைக்கும் கிடைக்கிற இந்தச் சுகம் தங்களுக்கும் மந்திரியாருக்கும் கிடைக்கவில்லையே! அந்த விலக்கை நீக்கித் தாங்களும் அனுபவிக்க வேண்டும்."

"பார்த்தீர்களா, நம் விருத்தகிரிக்கு நம்மேல் எவ்வளவு அக்கறை!" என்று ராஜா அந்த இடத்திலேயே உத்தரவு போட்டார். ரத்னாகரனுக்கு வாயெல்லாம் பல். மந்திரிக்கு மட்டும் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

மறுநாள் காலை அரண்மனை வாசலில் ஒரு குடம் விளக்கெண்ணெய் வந்து இறங்கியது. கூடவே பழைய அரிசி நொய், சுக்கு, நிலவேம்பு.

என்ன விஷயம் என்றால், குறித்த மாதத்தில் ராஜா வேட்டைக்குப் போன இடத்தில் முழுப் பலாப்பழத்தைத் தனியாளாகத் தின்றுவிட்டு, வயிறு கெட்டு, மாதம் பூராவும் பத்தியத்தில் கிடந்தார். அரண்மனைச் சமையற்காரர் சந்தையில் வாங்கியது அவ்வளவும் பத்தியச் சாமான். ராஜாவின் கட்டிலண்டை உட்கார்ந்து கதை சொன்ன விருத்தகிரிக்கு அது தெரியாதா?

"இதை என்ன செய்வது?" என்று திகைத்தார் ராஜா.

"திருப்பக் கூடாது, வீணாக்கவும் கூடாது. அருமையான ஆணை, மகாராஜா" என்றார் விருத்தகிரி பணிவாக. போட்ட ஆணையைத் தானே மீறினால் ஊர் சிரிக்காதா? ராஜா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. சிம்மாசனத்தில் பாதி நேரம், கொல்லைப்புறத்தில் பாதி நேரம் என்று ராஜாங்கம் நடந்தது. நாலாம் நாள், "ஒரே ஒருநாள் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வையேன்" என்று சமையற்காரரிடம் கெஞ்சினார்.

"கத்தரிக்காய்க்கு எங்கே போவேன் மகாராஜா? சந்தை பூட்டிக் கிடக்கிறதே" என்றார் சமையற்காரர்.

மனமறிந்தார் கூட்டத்தில் குறை சொல்ல ஒரு பானை வைத்திருந்தார்கள். ராஜா தன் கையாலேயே எழுதினார்: 'விளக்கெண்ணெய் ஏன் வருகிறது?' ஓலை பானைக்குள் போயிற்று. பதில் சீக்கிரமே வந்தது. 'தங்கள் கருத்து எங்களுக்குப் பொன்னைப் போன்றது. விளக்கெண்ணெய் பற்றித் தாங்கள் ஆர்வமாக விசாரித்ததை அறிந்து மகிழ்ந்தோம். இன்று முதல் இரண்டு குடம்.'

ஐயோ பாவம், ராஜா கட்டிலில் சாய்ந்துவிட்டார்.

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. கன்னம் ஒட்டிப்போன ராஜா சபையைக் கூட்டினார். பக்கத்தில் மந்திரி வீரகேசவர், அவரும் துரும்பாக இளைத்திருந்தார். நாலு நாளாக அவர் கோயிலில் புளியோதரைக்கு முதல் ஆளாக நிற்பதாக ஊரில் பேச்சு. விருத்தகிரி வழக்கம்போல் குடுமியில் மல்லிகையோடு வந்து நின்றார்.

"விருத்தகிரி, ஏதாவது சொல்லும்!" என்றார் ராஜா.

"எதிராக ஒரு சொல்லும் சொல்லக் கூடாதே, மகாராஜா. திட்டம் மிக நன்று. தங்கள் திருவயிறு இவ்வளவு சுத்தமாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை."

ராஜா ஒரு கணம் முறைத்தார். பிறகு உதடு துடித்தது, தோள் குலுங்கியது. "இதற்குமேல் என்னைச் சிரிக்க வைக்காதீர், வயிறு தாங்காது!" என்று சிரித்தார். "ரத்னாகரா, எனக்கு விளக்கெண்ணெய் பிடிக்கும் என்று உனக்கு யார் சொன்னது?"

"ஓலை சொன்னது, மகாராஜா" என்றான் ரத்னாகரன்.

"மந்திரியாருக்கு என்ன பிடிக்கும் என்றும் ஓலை சொல்லுமே. வாசிக்கச் சொல்லலாமா, மகாராஜா?" என்றார் விருத்தகிரி.

ரத்னாகரன் ஓலையை எடுத்தான். முன்னும் பின்னும் திருப்பினான். "இதில் ஒன்றும் இல்லை, மகாராஜா. மந்திரியார் வீட்டார் அந்த மாதம் ஒரு பொருளும் வாங்கவில்லை. அதனால் நாங்களும் ஒன்றும் அனுப்பவில்லை."

"வாங்கவே இல்லையா? அப்படியானால் இத்தனை காலம் எதைச் சாப்பிட்டார்?" என்று கேட்ட ராஜாவுக்குக் கேட்டு முடிப்பதற்குள், எல்லாம் கையூட்டாக வந்தது என்று விளங்கிவிட்டது. பல்லக்கும் நினைவுக்கு வந்தது. கும்மாளமாகச் சிரித்தது சபை. மந்திரியின் தலை மார்பில் தொங்கியது.

"மந்திரி பதவி போயிற்று வீரகேசவரே! இனிமேல் அரண்மனைக்குக் காய்கறி வாங்கிக் கூடை சுமப்பது உமது வேலை" என்ற ராஜா, விருத்தகிரி பக்கம் திரும்பினார். "ஒரு வார்த்தை சொல்லாமல் ஜெயித்துவிட்டீர். அது இருக்கட்டும், அந்த மல்லிகைப்பூ விகடம் மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லையே?"

"அது விகடம் இல்லை, மகாராஜா. என் ஓலையில் வெள்ளிக்கு வெள்ளி இரண்டு முழம் மல்லிகை என்று இருக்கிறது. அதை வைத்துக்கொள்ள என் வீட்டில் இப்போது வேறு தலை இல்லை."

தானும் சிரித்தது நினைவுக்கு வர, ராஜா முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, "இந்தக் கூட்டத்தை இன்றே நாடு கடத்துகிறேன்" என்று எழுந்தார்.

"வேண்டாம், மகாராஜா. நெசவாளி காளத்தியால் நடக்க முடியாது, அவருக்கு இவர்கள் வேண்டும். வேண்டியவர்களுக்கு இவர்கள் இருக்கட்டும். வாசலில் நின்று என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுக்கட்டும், வேண்டாம் என்றால் எடுத்துப் போகட்டும். மற்றவர்களுக்குச் சந்தையைத் திறந்துவிடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்."

ராஜா தம் தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்து விருத்தகிரிக்குப் போர்த்தினார். அன்று சாயங்காலமே சந்தையின் பூட்டு திறந்தது. ஊர் திரண்டு வந்தது. கத்தரிக்காய்க் கடையில் வீரகேசவர் கூடையோடு நின்று, சொத்தை எது, நல்லது எது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

விருத்தகிரி பூக்கடை முன்னால் வந்து நின்றார். சொர்ணம் அவரைப் பார்த்தாள். குடுமி வெறுமையாக இருந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டு, மெதுவாக, "என்ன வேணும் சாமி?" என்றாள்.

"ஒண்ணும் வேணாம் சொர்ணம். நீ கேட்டியே, அதுக்குத்தான் வந்தேன்."

சொர்ணம் ஒரு கிள்ளு மரிக்கொழுந்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இது கொசுறு. அம்மா ஏத்துன விளக்குக்கிட்ட வைங்க."

எதுவுமே வாங்காதவருக்குக் கொசுறு கொடுக்கலாம் என்று எந்த ஓலையில் எழுதியிருக்கிறது? விருத்தகிரி மரிக்கொழுந்தை மூடிய கையில் வைத்துக்கொண்டு, அமிர்தம் நடக்கிற மாதிரியே, கோட்டையைப் பிடித்தவராக வீட்டுக்கு நடந்தார்.