கருந்தொப்பியின் பாட்டு

"காதால கேட்டதை மிஷின்ல பிடிச்சு வெச்சுக்கிட்டா என்ன தப்பு?"

வைத்தமாநிதி அன்றைக்கு இதை மூன்றாம் தடவையாகக் கேட்டார்.

சகாயமேரி உப்பு ஏரியில் நின்ற பூநாரைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்து நோட்டை மூடினாள்.

"பார்த்தாச்சுல்ல சார்? வாங்க, போவோம்."

எப்போதும் இதே கதைதான். பறவையைப் பார்த்தால், பார்த்தாச்சுல்ல, போவோம். குரலைக் கேட்டால், கேட்டாச்சுல்ல, போவோம். இரண்டு குளிர்காலமாக அவர் இவளிடம் படித்த பாடம் மொத்தமும் இவ்வளவுதான். கேள்வி கேட்டால் மட்டும் காது கேட்காதவள் மாதிரி இருந்துவிடுவாள்.

அது மத்தியதரைக் கடலில் ஒரு தீவு. கோடையில் கருவாடு மாதிரி காய்ந்து கிடக்கும். மழை பெய்வதே குளிர்காலத்தில்தான். அப்போதுதான் புல் முளைக்கும், ஏரியில் தண்ணீர் நிற்கும், வடக்கே பனி தாங்காத பறவைகள் வந்து இறங்கும்.

வைத்தமாநிதியும் அப்படி வந்து இறங்கியவர்தான். திரும்பிப் போகத்தான் இடமில்லை. ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்து மூன்று. மனைவி போனதும் மகன் இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டின பிறகு வருவார்கள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல முடியாது. பேச நேரமில்லை, அவ்வளவே.

சகாயமேரிக்கு நாற்பத்தொன்று. வேம்பார்க்காரி. உடம்பு முடங்கிப்போன ஒரு தீவுக்காரரைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை. பதினோரு வருஷமாகத் தினமும் காலையில் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஏரிக்கரைக்குத் தள்ளிக்கொண்டு வருகிறாள். வந்ததும் அவர் தூங்கிவிடுவார். இவள் பறவை பார்ப்பாள். பார்த்துப் பார்த்தே படித்த படிப்பு. தீவின் பறவைச் சங்கத்துக்காரர்கள் முழ நீளத் தொலைநோக்கியோடு வந்து, இவளிடம்தான் சந்தேகம் கேட்பார்கள்.

தன்னைவிட இருபத்திரண்டு வயது இளையவளை அவர் 'டீச்சர்' என்று கூப்பிட்டார். முதல் நாள் கொஞ்சம் கூசியது. பிறகு பழகிவிட்டது. தீவில் பகல் முழுக்கத் தமிழில் பேச வேறு ஆள் இல்லாதபோது கௌரவம் பார்த்து என்ன செய்ய?

ஜனவரியில் ஒரு நாள் அவள் தானாகவே கூப்பிட்டாள்.

"வாங்க சார். ஒண்ணு காட்டணும்."

நாற்காலியை நிழலில் நிறுத்திவிட்டு, ஏரிக்குப் பின்னால் இடிந்து கிடந்த மதிலருகே கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு புதர்.

"உள்ள ஒரு கருந்தொப்பி இருக்கு. சின்னக் குருவி. சாம்பல் உடம்பு, தலையில மட்டும் கறுப்புத் தொப்பி."

"அது நிறையப் பார்த்திருக்கோமே டீச்சர்."

"பார்த்திருக்கோம். பாடிக் கேட்டிருக்கீங்களா? குளிர்காலத்துல அது பாடாது சார். கல்லோட கல்லு தட்டுன மாதிரி டக்கு டக்குன்னு சத்தம் குடுக்கும், அவ்வளவுதான். இது பாடுது. மழை விட்டு வெயில் வந்தா பாடுது. பதினோரு வருஷத்துல இப்பத்தான் கேட்கிறேன்."

"சங்கத்துக்காரங்களுக்குத் தெரியுமா?"

"உங்களுக்குத்தான் சொல்றேன்."

மனுஷனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு சார். அந்த மிஷினைக் கொண்டு வராதீங்க."

மிஷின் என்றால், பிறந்தநாளுக்கு மகன் வாங்கிக் கொடுத்த ஒலிப்பதிவுக் கருவி. காற்று இரையாமல் இருக்க மைக்குக்கு மயிர்ச்சட்டை போட்டிருக்கும், பார்த்தால் பூனைக்குட்டி மாதிரி. அதைத்தான் அவர் இரண்டு மாதமாகக் கொண்டுவர அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி டீச்சர்," என்றார்.

அன்றைக்குக் குருவி பாடவில்லை.

மறுநாள் விடிகாலையில் மழை பெய்தது. ஒன்பது மணிக்கு வெயில் அடித்தது. சகாயமேரி அன்றைக்கு அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போயிருப்பாள் என்று அவருக்குத் தெரியும். பூனைக்குட்டியைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, இடிந்த மதிலுக்குத் தனியாகப் போனார்.

குருவி பாடியது.

முதலில் தனக்குத்தானே முணுமுணுப்பதைப் போல ஆரம்பித்தது. யாரும் கேட்கவில்லை என்று தைரியம் வந்தபிறகு குரலைத் தூக்கி, கடைசியில் புல்லாங்குழலாக நாலு சுரம் விட்டது. நின்றது. இலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வைத்தமாநிதி அழுதுவிட்டார். எதற்கென்று அவருக்கே தெரியாது. மைக்கை நீட்டியபடியே புதரைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்.

"இன்னொரு தரம் பாடு, தங்கம்."

மனைவி செத்து நாலு வருஷத்தில் அவர் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தார். பாட்டு மணி மணியாக விழுந்திருந்தது. அத்தோடு இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. யாரிடமாவது காட்டியே ஆக வேண்டும் போலிருந்தது, வீட்டிலோ ஆள் இல்லை. பறவைச் சங்கத்தின் இணையக் குழுவில் அறுநூறு பேர் இருந்தார்கள். அவர்களுக்குப் போட்டுவிட்டார். இடம் எதுவென்று மட்டும் சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் யோக்கியம்.

சாயங்காலத்துக்குள் குழு அல்லோலகல்லோலப்பட்டது. இப்படிச் சுத்தமான குளிர்காலப் பாட்டை யாருமே பிடித்ததில்லையாம். ரிட்டயர் ஆன நாளிலிருந்து அவரை யாரும் அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. மூன்று நாள் அவருக்குச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

ஒருவர் மட்டும் எழுதினார்: கடைசியில் ஏதோ ஆள் பேச்சு கேட்கிறது, அதை வெட்டிவிடலாமே.

வெட்டவில்லை. வாழ்நாளெல்லாம் ஒவ்வொரு ரயிலுக்கும் கையெழுத்துப் போட்ட மனுஷன். அது அங்கேயே இருக்கட்டும், நான் நின்று கேட்டதற்கு அத்தாட்சி என்று பதில் எழுதினார்.

சகாயமேரியிடம் சொல்லவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை. பூநாரைகளை எண்ணினார்கள். பார்த்தாச்சுல்ல, போவோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அவள் சொன்னாள்.

"நாளைக்கு எனக்கு லீவு. விடியுறதுக்கு முன்னாடி வாங்க சார். ஒரு கருந்தொப்பி பாடுது."

"நம்ம புதர்லயா?"

"இல்ல. வேற இடம்."

அவர் தயங்கினார். பிறகு, கேட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்டேவிட்டார்.

"மிஷின் கொண்டு வரட்டா டீச்சர்?"

"கொண்டு வாங்க."

அன்று அவருக்குத் தூக்கமே வரவில்லை. இத்தனை நாள் கேட்டபிறகு டீச்சர் மனசு இறங்கிவிட்டாள். நாளைக்குப் பதிவு செய்துவிட்டு, பழைய விஷயத்தையும் அப்படியே பக்குவமாகச் சொல்லிவிடலாம். சிரித்துவிடுவாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

காலையில் ஏரியைத் தாண்டி ஒரு மேட்டில் ஏறினார்கள். மேட்டுக்கு மறுபக்கம் கம்பி வேலி போட்ட தோப்பு. சீமை வேல மரங்கள் நெருக்கமாக வரிசை பிடித்து நின்றன. வெளிச்சம் சரியாக வரவில்லை. வேலிக்கு இந்தப்பக்கம், பாதை ஓரத்தில் சகாயமேரி நின்றாள்.

தோப்புக்குள் குருவி பாடிக்கொண்டிருந்தது.

வைத்தமாநிதி அவசர அவசரமாக மிஷினை எடுத்தார். மைக்கைத் தோப்பின் பக்கம் நீட்டி, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். முணுமுணுப்பு. பிறகு குரல் எழும்பியது. பிறகு புல்லாங்குழலாக நாலு சுரம்.

"இன்னொரு தரம் பாடு, தங்கம்," என்றது ஒரு குரல்.

அவர் கண்ணைத் திறந்தார். பழைய பதிவு தப்பித்தவறி ஓடுகிறதென்று நினைத்து மிஷினைத் திருப்பிப் பார்த்தார். இல்லை, அது பதிவுதான் செய்துகொண்டிருந்தது. ஹெட்போனைக் கழற்றினார்.

தோப்புக்குள் முணுமுணுப்பு ஆரம்பித்தது. குரல் எழும்பியது. நாலு சுரம். அதற்குப் பிறகு, அவருடைய குரல், அவருடைய தமிழ், மரத்துக்கு மேலே எங்கிருந்தோ, ஊருக்கே கேட்கிற மாதிரி:

"இன்னொரு தரம் பாடு, தங்கம்."

உடனே அது பாடியது.

வெளிச்சம் வர வர எல்லாம் தெரிந்தது. கிளையில் கட்டித் தொங்கவிட்ட ஒலிபெருக்கி. மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிய வலை, தலைமயிர் கனத்தில் கறுப்பு நூல். நூல் கண்ணுக்குத் தெரியவில்லை. அதில் மாட்டியிருந்தவை தெரிந்தன. கறுப்புத் தொப்பி ஆண், பழுப்புத் தொப்பி பெண், தலைகீழாக, ஒரு கால் மட்டும் மாட்டி, இறக்கை மட்டும் மாட்டி. சுற்றியிருந்த புதர்களிலிருந்து மேலும் மேலும் குருவிகள் பாட்டைத் தேடித் தோப்புக்குள் வந்துகொண்டிருந்தன.

ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவன் வலை ஓரமாக நடந்து வந்தான். ஒவ்வொன்றாக எடுத்து, கழுத்தில் விரலால் ஓர் அழுத்து அழுத்தி, வாளியில் போட்டான். சகாயமேரியைப் பார்த்ததும் கையை உயர்த்தினான். அவள் வீட்டுக்கு அடுத்த தெருக்காரன்தான். வேலிக்குப் பக்கத்தில் வந்து அந்த ஊர்ப் பாஷையில் சிரித்துச் சிரித்துப் பேசினான்.

"என்ன சொல்றான்?" என்று கேட்டார் வைத்தமாநிதி.

"இந்த வருஷம் நெட்டுல நல்ல பாட்டு கிடைச்சிருக்காம். பழைய பாட்டுக்குக் குருவி சந்தேகப்பட்டுத் தள்ளியே நிக்குமாம். இதுக்கு நேரா வருதாம். எல்லாம் ஹோட்டலுக்குப் போகுது சார். ஊறுகாய் போட்டு, தட்டுக்குப் பன்னிரண்டு வைப்பாங்க."

"போலீசுக்குச் சொல்லுவோம்."

"மூணு தரம் சொன்னேன். அவங்க வரும்போது வலை இருக்காது. போனதும் இருக்கும்."

அந்த ஆள் ஒலிபெருக்கியைக் கைகாட்டி இன்னும் ஏதோ கேட்டான்.

"கடைசியில ஒருத்தன் ஏதோ பேசுறானே, அது என்ன பாஷைன்னு கேட்கிறான். என்ன அர்த்தம்னு கேட்கிறான்."

வைத்தமாநிதி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொல்லவா? நீங்களே சொல்றீங்களா சார்?"

அந்த ஆள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தோளைக் குலுக்கி ஒரு வார்த்தை சொல்லிச் சிரித்துவிட்டு, வாளியோடு வலைப்பக்கம் போனான்.

"மந்திரமான்னு கேட்டுட்டுப் போறான்," என்றாள் சகாயமேரி.

அவர் போனை எடுத்தார். குழுவைத் திறந்தார். பாராட்டெல்லாம் அப்படியே இருந்தது. பாட்டைத் தேடிப் பிடித்து அழித்தார். போனிலிருந்து அழித்தார். மிஷினிலிருந்து அழித்தார். ஒவ்வொன்றையும் அழித்து, அவளிடம் காட்டினார்.

"அழிச்சுட்டேன். பாருங்க. எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

அவள் பார்த்தாள். தலையாட்டினாள்.

"இன்னொரு தரம் பாடு, தங்கம்," என்றது தோப்பு.

"டீச்சர், நம்ம புதர்ல இருந்துச்சே, அந்தக் குருவி?"

"செவ்வாய்க்கிழமையிலேருந்து புதர்ல சத்தம் இல்ல சார்."

சூரியன் மேட்டுக்கு மேலே வந்துவிட்டது. மழை விட்ட காலை. பாட்டுக்கு ஏற்ற வெயில். ஒரு பெண் குருவி அவர்கள் தலைக்கு மேலாகப் பறந்து, கம்பி வேலியைத் தாண்டி, அவர் குரலைப் பார்த்துப் போனது.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிஷினைக் கீழே வைத்தார். பிறகு, இரண்டு வருஷமாக அவள் சொல்லிக் கேட்டதை முதல் தடவையாக அவரே சொன்னார்.

"கேட்டாச்சு டீச்சர். வாங்க, போவோம்."

சகாயமேரி பாதை ஓரத்தில் கிடந்த கல்லில் போய் உட்கார்ந்தாள். நோட்டை எடுத்து மடியில் விரித்து, வலையில் தொங்கியவற்றை எண்ண ஆரம்பித்தாள்.

"இன்னொரு தரம், சார்," என்றாள்.