பால்மர் என்கிற பெயர்

பவானி ஆற்றங்கரையில் ஞானாம்பாள் அம்மையார் ஒரு சிறிய ஆசிரமம் நடத்திவந்தார். அங்கே தங்கியிருந்த சீடர்களில் மூத்தவர் டெரிக் பால்மர். ஆங்கிலோ இந்தியர். போத்தனூரில் ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். அம்மையாரைவிட வயதில் பெரியவர். ஆனாலும் அவரைக் குருவாக ஏற்று, ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

மனைவி பியூலா இறந்தபோது, மனசு ஆறட்டும் என்று ஒரு வாரத்துக்காக வந்தவர் அவர். வாரம் மாதமானது. மாதம் வருஷமானது. மகள் மொரீன் வந்து கூப்பிடும்போதெல்லாம், “அடுத்த மாசம் வரேன்மா” என்பார்.

அன்று காலையும் மொரீன் வந்திருந்தாள். நிறைமாதம். கணவனுக்குக் கப்பலில் வேலை. பிரசவத்துக்குள் அவனால் வந்து சேர முடியாது. போத்தனூரில் அப்பாவின் வீட்டில் அவள் தனியாகத்தான் இருந்தாள்.

“பிள்ளை பிறக்கறப்போ நீங்க பக்கத்துல இருக்கணும் டாடி. மம்மியும் இல்ல. எனக்கு வேற யார் இருக்கா?”

டெரிக் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “நாளைக்கு நான் காவி வாங்கறேன்மா. அதுக்கப்புறம் எனக்கு வீடும் இல்ல, மகளும் இல்ல.”

மொரீன் அழவில்லை. தன் அம்மாவின் பக்குவத்தில் தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்து கொண்டுவந்த மஞ்சள் சோற்றை அவர் பக்கத்தில் வைத்தாள். சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தாள். ஆசிரமத்துக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள். உச்சி வேளைக்குத்தான் அடுத்த பஸ்.

அம்மையார் பின்கட்டில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். டெரிக் எதிரே உட்கார்ந்து தாமும் நான்கு காயைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“அம்மா, நாளைக்குக் காவியோட ஒரு புதுப் பேரும் குடுங்க. இந்தப் பால்மர் என்னோட ஒழியட்டும்.”

“கழட்டிப் போடற சட்டைன்னாலும் பையைத் துழாவிப் பாத்துட்டுத்தானுங்களே போடுவோம்?” என்றார் அம்மையார். “அந்தப் பேர்ல என்ன இருக்குதுங்க?”

“நல்லது ஒண்ணும் இல்லைங்கம்மா. எங்க தாத்தாவுக்குத் தாத்தா பட்டாளத்து வெள்ளைக்காரர். திருச்சியில ஒரு தமிழ்ப் பொண்ணோட குடும்பம் நடத்தினார். பட்டாளம் கிளம்பினப்போ அவரும் கப்பலேறிட்டார். பொண்டாட்டியும் கைப்பிள்ளையும் இங்கேயே நின்னுட்டாங்க. அந்தப் பொண்ணோட பேர்கூட எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. விட்டுட்டுப் போனவர் பேர் மட்டும் நாலு தலைமுறையா ஒட்டிக்கிட்டு வருது.”

“விட்டுட்டுப் போனவர் பேரை அந்தம்மா எதுக்குங்க பிள்ளைக்கு வெச்சாங்க?”

டெரிக்கின் விரல்கள் நின்றன.

“வந்துருவார்னு நினைச்சிருப்பாங்க.”

அம்மையார் இன்னொரு காயை எடுத்தார். “சரி. அவருக்கு முன்னால அந்தப் பேர் எப்படி வந்துச்சுங்க?”

இதைச் சொல்லும்போது டெரிக்கின் குரலில் கசப்பு இல்லை. சின்ன வயதில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து கேட்டது அது.

“அந்தக் காலத்துல இங்கிலாந்துலயும் ஆளுக்கு ஒரு பேர்தானுங்கம்மா. ஒரு ஊர்ல பத்து ஜான் இருப்பாங்க. அடையாளத்துக்கு, கொல்லன் ஜான், மாவு மில்லு ஜான்னு தொழிலைச் சேர்த்துக் கூப்பிடுவாங்க. அதுல ஒருத்தர் ஜெருசலேமுக்கு யாத்திரை போனார். மலை, கடல், பாலைவனம். வழியில செத்தவங்க எத்தனையோ பேர். இவர் பொழைச்சார். புண்ணிய பூமிக்குப் போனதுக்கு அடையாளமா, அங்கேயிருந்து ஒரு ஈச்ச ஓலையைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தார். ஓலை தர்ற மரத்துக்கு அவங்க எழுத்துல ‘பால்ம்’. அதனால ஊர்க்காரங்க அவரைப் பால்மர்னு கூப்பிட்டாங்க. நம்ம தமிழ்ல சொன்னா, ஓலைக்காரர். அப்புறம் அவர் பிள்ளைகளுக்கும் அதுவே பேராச்சு. எங்கேயும் போகாத பேரன்களுக்கும் அதே பேர்தான்.”

“நல்ல பேருங்க” என்றார் அம்மையார். பிறகு கேட்டார். “ஜெருசலேமுக்குப் போன எல்லாரும் திரும்பினாங்களா?”

“இல்லைங்கம்மா. சாமி பக்கத்துலயே இருந்துக்கலாம்னு அங்கேயே தங்கினவங்களும் இருந்திருப்பாங்க.”

“அவங்களுக்கு என்ன பேருங்க?”

“அவங்களுக்கு எப்படிம்மா இந்தப் பேர் வரும்? திரும்பி வீட்டுக்கு வந்தாத்தானே...”

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

அம்மையார் உரித்த காய்களை ஒன்றாகக் கூட்டினார். டெரிக் கையிலிருந்த காயைக் கீழே வைத்தார்.

“வீட்டுக்குப் போக பயமா இருக்குங்கம்மா. கதவைத் தெறந்ததும் சமையல்கட்டுப் பக்கம் கண்ணு போகும். பியூலா இருக்க மாட்டா. இத்தனை நாளா நான் சாமியத் தேடலை. அந்தக் கதவுக்குத்தான் பயந்துக்கிட்டு இருக்கேன்.”

அம்மையார் கையைத் துடைத்துக்கொண்டு அவர் தோளைத் தொட்டார்.

“அந்தக் கதவைத்தானுங்க மொரீன் தினமும் தனியாத் தெறக்கிறா.”

டெரிக் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மனைவியின் அடக்கத்தன்றுகூட அவர் அப்படி அழுததில்லை. அழுது முடித்ததும் எழுந்துபோய்த் துணிகளை ஒரு பையில் திணித்தார். மகள் வைத்துவிட்டுப் போன சோற்றையும் எடுத்துக்கொண்டார்.

அம்மையார் வாசல்வரை கூடவே வந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மொரீன் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

ரோட்டில் கால் வைக்கப்போன டெரிக் தயங்கித் திரும்பினார்.

“வெறுங்கையோட போறேனேம்மா. இங்க இத்தனை நாள் இருந்தும் எனக்கு ஒண்ணும் விளங்கலை. போய்க் காட்டறதுக்கு எங்கிட்ட ஒரு ஓலைகூட இல்லையே.”

அம்மையார் சிரித்தார்.

“அந்த மனுசன் ஊர் திரும்பின அன்னிக்கு, வாசலுக்கு ஓடியாந்த அவர் பிள்ளைங்க ஓலையையாங்க பாத்திருக்கும்?”