போனில் மஞ்சளான வேட்டி

எங்க ஊர் ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் செய்தவள் பிரம்மசக்தி. கம்ப்யூட்டர் திரையின் நிறம் சரியா என்று அளக்கிற கருவி கேட்டால் முதலாளிக்குக் காது கேட்காது. அவளே என்ன செய்தாள், லேபில் அச்சான படம் ஒன்றை மானிட்டர் பக்கத்தில் ஒட்டி, அதற்கு ஒத்துவரும்வரை திரையின் நிறத்தைக் கூட்டிக் குறைத்து வைத்திருந்தாள்.

ஒருநாள் மில்காரர் ராமசுப்பு ஆல்பத்தை மேஜையில் எறிந்தார். “மக பட்டு மாம்பழ மஞ்சள். இதுல எலுமிச்சையா வெளிறிக் கிடக்கு. உன் ஓட்டைப் பொட்டியில என்ன தெரியும்? அதே படத்த என் லட்ச ரூபா போன்ல பாரு!”

“இன்னிக்கே இவள நிறுத்திடறேன் அண்ணாச்சி” என்றார் முதலாளி.

பிரம்மசக்தி போனை வாங்கிப் பார்த்தாள். “பட்டு கிடக்கட்டும் அண்ணாச்சி. கல்யாணத்துல நீங்க கட்டியிருக்கிற வேட்டியை யாரு டீயில முக்கினது?”

கடையே சிரித்தது. கண் கூசாமலிருக்கப் போனில் போட்டிருந்த மஞ்சள் வெளிச்சத்தை அவள் அணைத்தாள். வேட்டி வெளுத்தது, பட்டும் ஆல்பத்தில் இருந்தபடியே எலுமிச்சை நிறமானது. மில்காரர் போனைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

முதலாளி தலையைச் சொறிந்தார். “நிறம் சரிதான் தாயி. ஆனா அவர் வீட்டுல இன்னும் மூணு கல்யாணம் இருக்கே. நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்.”

“அதுக்கெல்லாம் வேட்டியை மஞ்சளாவே அடிச்சுக் குடுங்க முதலாளி, குறை சொல்ல மாட்டாரு” என்று செருப்பை மாட்டினாள்.

எங்க ஊரில் வேறு ஸ்டூடியோ கிடையாது, மில்காரருக்கும் சரி, அவளுக்கும் சரி.